வரவேற்பு ஹாரன்

போடிநாயக்கனூரில் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து எட்டு மில்லி, ஏழு மில்லி, பிளவு, சொத்தை என்று பிரித்துவிடுவார்கள். மனிதர்களைச் சலித்துப் பிரிக்க மட்டும் ஊரில் ஓர் ஏற்பாடு இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை ஏலக்காய் வியாபாரி தங்கப்பாண்டி தீர்த்துவைத்தார். காய் விலை படுத்துக் குடோன் காலியாகக் கிடந்த ஒரு வருடம், அதன் வாசலில் ‘மலைச்சாரல் உயர்கல்வி நிறுவனம்’ என்று பலகை மாட்டினார். மூட்டை அடுக்கிய இடத்தில் பெஞ்சு அடுக்கினார். தராசு நின்ற இடத்தில் மேசையைப் போட்டு, துறைத்தலைவர் முனைவர் கிருபாராணியை உட்காரவைத்தார். தராசைத் தூரப் போடவில்லை. துணி போர்த்தி மூலையில் வைத்திருந்தார். கல்வி படுத்தால் காய்க்குத் திரும்ப வேண்டியிருக்கும் அல்லவா.

அங்கே இருந்தது ஒரே படிப்பு. சுற்றுலா மற்றும் சமுதாய மேம்பாட்டில் முதுகலை. இரண்டும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்று யாரும் கேட்கவில்லை. தொடக்க விழாவில் தங்கப்பாண்டியே விளக்கிவிட்டார்.

“நம்ம மலையடிவாரத்துச் சனங்க இருக்காங்களே, பச்சைக்காய் மாதிரி. அப்படியே விட்டா அழுகிப்போகும். நாமதான் பறிச்சு, ஸ்டோர்ல போட்டு, அனல் குடுத்து, காயவச்சுத் தரம் பிரிக்கணும். அதுக்குப் பேரு மேம்பாடு. அதை வெளியூர்க்காரன் வந்து மோந்து பாக்கணும். அதுக்குப் பேரு சுற்றுலா. காயைக் கேட்டுக்கிட்டா காயவைக்கிறோம்?”

பலத்த கைதட்டல். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரியும் தட்டினாள். அவளுடைய அம்மா வேலுத்தாய் அந்நேரம் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் குனிந்து அதே பச்சைக்காயைப் பறித்துக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரி பி.காம். முடித்து ஒரு ஏலக்காய்க் கடையில் கணினி தட்டிக்கொண்டிருந்தவள். முதுகலை முடித்தால் அந்த நிறுவனத்திலேயே பேராசிரியை ஆகலாம், நாற்காலியில் உட்காரலாம், அம்மாவைத் தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்தலாம் என்பது அவள் கணக்கு. சேர்ந்த அன்று சாயந்திரம் வேலுத்தாய் கேட்டாள்.

“அதென்ன படிப்புத்தா?”

“ஊரை மேம்படுத்துற படிப்பும்மா.”

“அப்ப நம்ம ஓடைக்கு ஒரு பாலம் போட்டுக் குடுத்துருவ.”

“அது இஞ்சினியருங்க சோலி.”

“பெறகு நீ என்னதான் போடுவ?”

“அறிக்கை போடுவேன்.”

வேலுத்தாய், “அதுமேல நடந்து போகலாமா?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர்களுடைய ஊர் நரிக்கரடு. மலை இறங்கி முடிகிற இடத்தில், மொட்டைப் பாறைக்குன்றான ஒரு கரட்டின் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். போடிமெட்டு ரோட்டிலிருந்து பிரிந்து வருகிற மண்பாதை உருட்டோடையின் இந்தக் கரையோடு நின்றுவிடும். ஊர் அந்தக் கரையில். விடியும் முன்னால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் இந்தக் கரையில் வந்து நிற்கும். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கி வந்து, பாறைக்குப் பாறை தாண்டி, ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள்.

உருட்டோடை பார்க்க சாது. பெரும்பாலான நாளில் கணுக்காலை நனைக்கக் கூடச் சலித்துக்கொள்ளும். ஆனால் மேலே போடிமெட்டில் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்துவிடும். முனீஸ்வரி சிறு பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பா சின்னமுத்து அப்படித்தான் போனார். வானம் நீலமாக இருந்தது என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள்.

அதற்குப் பிறகுதான் ஜீப் ஓட்டுகிற ஜக்கையன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தான். ஓடைக்குச் சற்று மேலே ஒரு திருப்பம். அங்கே நின்றால் ஓடையின் மேல்போக்கு தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவன் ஹாரன் அடிப்பான். விட்டு விட்டு அடித்தால், வெரசா வாங்க. விடாமல் ஒரே நீளமாக அடித்தால், தண்ணி வருது, இறங்காதே, கரட்டில் ஏறு. நீள ஹாரன் கேட்டால் நரிக்கரட்டில் நாய்கூடக் கரட்டில்தான் ஏறும். அப்பாவுக்குப் பிறகு அந்த ஓடை யாரையும் கொண்டுபோகவில்லை.

ஊரைக் காத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு ஹாரன். இதைத்தான் முனீஸ்வரி மதிப்பெண்ணுக்காக வகுப்பில் சொன்னாள்.

அதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் கை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘ஆய்வாளர் சமுதாயத்தில் தலையிடக் கூடாது’ என்பது கிருபாராணியின் முதல் பாடம். தலையிடுவது தலையால் அல்ல, கையால்தான் தொடங்குகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே களத்துக்குப் போகும் மாணவர்கள் எந்நேரமும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து வைத்திருக்க வேண்டும். குறிப்பு எடுக்கிற ஒருவருக்கு மட்டும் விலக்கு. ஒரு தடவை முனீஸ்வரி களப்பணிக்கு என்று தன் வீட்டுக்கே போனாள். வேலுத்தாய் தண்ணீர்க் குடத்தோடு திணறி வந்து, “செத்தப் பிடியேன்த்தா” என்றாள். முனீஸ்வரி கையைப் பின்னால் கோத்தபடி, “நீங்க எவ்வளவு தூரத்துல இருந்து தண்ணி எடுக்குறீங்க?” என்று கேட்டாள். வேலுத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எந்த மாணவர் எந்த ஊரை ஆய்வு செய்வது என்கிற சமுதாய ஒதுக்கீடு ஏல முறையில் நடந்தது. தாளாளர் தங்கப்பாண்டிக்குத் தெரிந்த நடைமுறை அது ஒன்றுதான். மாணவர் எழுந்து தன் சமுதாயத்தின் சிறப்புகளை அடுக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “எட்டு மில்லி” என்றோ “பிளவு” என்றோ தரம் சொல்வார். அன்புச்செல்வன் என்ற மாணவன், எல்லோரும் திருப்பூருக்குப் பிழைக்கப் போய் ஆளே இல்லாமல் கிடந்த ஒரு குடியிருப்பை எடுத்திருந்தான்.

“அங்க யாருமே இல்லையேப்பா?” என்றார் தங்கப்பாண்டி.

“ஆமா சார். அதனால எதிர்ப்பும் இல்ல.”

கிருபாராணி புன்னகைத்தார். “இடையூறே இல்லாத சமுதாயம். அருமை.” அன்புச்செல்வனுக்கு எட்டு மில்லி.

முனீஸ்வரி எழுந்து நரிக்கரடு என்றாள். கிருபாராணி உதட்டைப் பிதுக்கினார். அவருக்குக் கோபமே வராது. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன்னால் பேசுகிற குரல்.

“எல்லார்கிட்டயும் செல்போன் இருக்கு. டிவி இருக்கு. தனித்தன்மைன்னு என்னம்மா இருக்கு உங்க ஊர்ல?”

“பிளவு” என்று சொல்லத் தங்கப்பாண்டி வாயைத் திறந்தார். பேராசிரியை நாற்காலி குடோன் வாசல் வழியாக வெளியே போவதை முனீஸ்வரி பார்த்தாள். அவசரத்தில், “ஹாரன் இருக்கு மேடம்!” என்றாள். ஜீப், திருப்பம், ஓடை, அப்பா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

கிருபாராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“ஒலிவழி அறிவிப்பு மரபு” என்றார் மெதுவாக. “இதை இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

அடுத்த வாரமே நிறுவனம் வேனில் வந்து இறங்கியது. கை கோத்த மாணவர்கள் கரை நெடுக நின்றார்கள். எதையோ திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி இருக்கிறது என்று வேலுத்தாய் பக்கத்து வீட்டுப் பொன்னுமணியிடம் சொன்னாள். முதலில் தேவை மதிப்பீடு. கிருபாராணி ஊர்ச்சனத்திடம் கோலமாவைக் கொடுத்து, “உங்களுக்கு என்ன வேணுமோ அதைத் தரையில வரைங்க” என்றார். ஆளாளுக்குக் குனிந்து பாலம் வரைந்தார்கள். பொன்னுமணி பாலத்தின் மேல் ஒரு பஸ்ஸையும் வரைந்தாள்.

கிருபாராணி ஒவ்வொரு கோலமாகக் குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “பாருங்க மாணவர்களே, வெளியுலகத்தோட ஓர் உறவுப்பாலத்துக்கு இந்த மனசுங்க எப்படி ஏங்குது!”

“உறவெல்லாம் இல்லம்மா, சிமிண்டுப் பாலம்” என்றாள் வேலுத்தாய்.

“குறிச்சுக்கங்க. சிமெண்ட் மாதிரி உறுதியான உறவு.”

பிறகு ஹாரன். ஜக்கையன் திருப்பத்தில் நின்று இரண்டையும் அடித்துக் காட்டினான். விட்டு விட்டு அடித்ததற்குக் கிருபாராணி தலையை மட்டும் ஆட்டினார். நீளமாக அடித்தபோது மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஊரில் பாதிப்பேர், சும்மா செய்முறைதான் என்று தெரிந்தும், இரண்டு எட்டுக் கரட்டுப் பக்கம் வைத்துவிட்டார்கள். கிருபாராணிக்குக் கையில் மயிர் சிலிர்த்தது.

“இதைத்தான் விருந்தினர் வரும்போது அடிக்கணும். இதைக் கேட்டதும் மக்கள் கீழே இறங்கி வந்து குலவை போட்டு வரவேற்கணும்.”

முனீஸ்வரி குறுக்கிட்டாள். “மேடம், அது ஆபத்துக்கு அடிக்கிறது.”

“இப்ப ஆபத்து இருக்கா?”

“இப்ப இல்ல…”

“அப்ப அது சும்மாதானே கிடக்கு? சும்மா கிடக்குற வளத்தைப் பயன்படுத்துறதுதாம்மா மேம்பாடு. முதல் பருவத்துலயே நடத்தினேனே.”

“நெசமாவே தண்ணி வந்தா என்னத்தை அடிக்கிறது?” என்று ஜக்கையன் கேட்டான்.

“நல்ல கேள்வி. அதுக்கு ஒரு துணைக்குழு அமைப்போம். அடுத்த பருவத்துல.”

ஜக்கையன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவன் சட்டையில் ‘மரபு ஒலியாளர்’ என்று ஒரு பட்டையைக் குத்திவிட்டார்கள். அவன் அதைக் குனிந்து பார்த்தான். சூரியநெல்லியிலிருந்து கம்பம் வரை ஜீப் ஓட்டுகிற எவன் சட்டையிலும் இப்படி ஒன்று கிடையாது. “செரி, நோக்காம்” என்று, பார்ப்போம் என்பதைத் தோட்டத்து மலையாளத்தில் சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

கால்களைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. நீள ஹாரன் கேட்டால் நரிக்கரட்டுக்காரர்களின் கால், மூளையைக் கேட்காமல் மேலே போனது. ‘மாற்றத்தை மறுக்கும் மனநிலை’ என்று கிருபாராணி பெயர் வைத்தார். வைத்தியம் தங்கப்பாண்டியுடையது. ஹாரன் அடிக்கும்போது ஓடைக்கரையில் பிரியாணி அண்டாவைத் திறந்து வைத்தார்கள். இறங்கி வந்தவர்களுக்குப் பொட்டலம். மேலே ஏறியவர்களுக்கு வாசனை மட்டும். முதல் நாள் சின்னப் பிள்ளைகள் இறங்கின. பிறகு பிள்ளைகளைத் தேடித் தாய்மார் இறங்கினார்கள். மழைக்காலம் தொடங்கும்போது நீள ஹாரன் கேட்டால் நரிக்கரட்டில் நாய் முதல் ஆளாக வாலை ஆட்டிக்கொண்டு ஓடைக்கு ஓடியது.

வேலுத்தாய்தான் வரவேற்பு வரிசைக்குத் தலைவி. நிறுவனம் கொடுத்த பச்சைச் சேலை, கையில் தாம்பாளம், நீட்டி முழக்கிக் குலவை. தோட்டத்தில் அவளைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே கும்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். முனீஸ்வரி முணுமுணுத்தபோது, “உன் படிப்பாலதாண்டி எனக்கு இந்த மருவாதி. அதைக் கெடுக்காத” என்றாள்.

சனி ஞாயிறுகளில் சுற்றுலாப் பயணிகள் வேன் வேனாக வந்தார்கள். முனீஸ்வரி கையைப் பின்னால் கோத்தபடி அவர்களை நடத்திக் கூட்டிப்போனாள். அப்பா கடைசியாகக் கால் வைத்த பாறையைச் சுற்றி வெள்ளையடித்து, ‘நினைவு நிறுத்தம்’ என்று பலகை நட்டிருந்தார்கள். அங்கே நின்று அப்பா போன கதையை அவள் சொல்ல வேண்டும். அதற்குச் செய்முறை மதிப்பெண் உண்டு.

“நல்லா சொல்றீங்க முனீஸ்வரி” என்றார் கிருபாராணி ஒருநாள். “கண்ணீர் மட்டும் கொஞ்சம் முந்தி வருது. வெள்ளம்னு சொல்றதுக்கு முன்னாடியே அழுதுட்டா, பின்னால நிக்கிறவங்களுக்கு எதுக்குன்னு புரியாது.”

அன்புச்செல்வன் அவளிடம் ரகசியமாகச் சொன்னான். “இதுக்குத்தான் நான் ஆளில்லாத ஊரை எடுத்தேன். செத்தவங்களும் கிடையாது, சாகப்போறவங்களும் கிடையாது.”

“எங்க ஊர்ல யாருடா சாகப்போறது?”

அவன் மலையைப் பார்த்தான். போடிமெட்டின் தலையில் மேகம் நனைந்த சாக்கு மாதிரி கவிழ்ந்து கிடந்தது.

ஒரு வார நாள். பயணிகள் யாரும் வரவில்லை. கீழே நல்ல வெயில். திடீரென்று நீள ஹாரன் கேட்டது. ஊர் சிரித்துக்கொண்டே இறங்கியது. வேலுத்தாய் தாம்பாளத்தில் குங்குமத்தைக் கொட்டிக்கொண்டே, “சொல்லாமக் கொள்ளாம வந்திருக்காக பாரு” என்றாள். பாதிவழியில்தான் அக்கரையில் வேன் எதுவும் இல்லை என்பதை முனீஸ்வரி கவனித்தாள். மேலே எங்கோ பெரிய வீட்டில் சாமான்களை இழுத்துப் போடுகிற மாதிரி சத்தம். கல் உருள்கிறது. அவள் கத்தினாள். ஊர் நின்றது. அவர்கள் கண் முன்னால் செந்தண்ணீர் பாறைகளை மூடிக்கொண்டு போயிற்று. நினைவு நிறுத்தத்துப் பலகையும் போயிற்று. எல்லோர் முன்னாலும் ஓடிவந்த நாயும் போயிற்று.

மறுநாள் முனீஸ்வரி குடோனுக்கு ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிருபாராணியின் முகம் மலர்ந்தது.

“விருந்தினர் இல்லாமலேயே இறங்கி வந்தாங்களா? அப்ப பழக்கம் உள்ளுக்குள்ள இறங்கிடுச்சு! இதை அறிக்கையில முதல் பக்கத்துல வைங்க.”

“மேடம், செத்துப்போயிருப்பாங்க.”

தங்கப்பாண்டி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாரும் போனாங்களா?”

“நாய் மட்டும் சார்.”

“அப்புறம் என்னம்மா? பலகை போச்சுன்னியே, அதுக்கு வேற பலகை அடிக்கச் சொல்றேன்.”

துணைக்குழு பற்றிக் கேட்டாள். அதன் தலைவராக முனீஸ்வரியையே போட்டிருப்பதாகவும், முதல் கூட்டத்துக்கு அவள் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாகவும் கிருபாராணி சொன்னார். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவர் துணைக்குழுத் தலைவர்தானாம்.

அன்று ஜீப்பில் திரும்பும்போது ஜக்கையனைப் பிடித்தாள். “மாமா, இனிமே வரவேற்புக்கு நீளமா அடிக்காதீங்க.”

“நான் அடிக்காட்டி தங்கப்பாண்டி ஆளு வேற ஜீப்பைக் கொண்டாந்து அடிப்பான்த்தா. அவனுக்கு ஓடையும் தெரியாது, தண்ணியும் தெரியாது.” அவன் பட்டையைத் தடவிக்கொண்டான். “ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. வரவேற்புக்கு அடிச்சா மூச்சு வாங்கி நிறுத்திருவேன். நெசமா தண்ணி வந்தா கையை எடுக்கவே மாட்டேன். அதான் வித்தியாசம்.”

“இதை ஊர்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். இறங்கி வந்ததுக்குப் பெறகுதான தெரியும், நிறுத்துறானா இல்லையான்னு. அதுக்குள்ள பிரியாணி ஆறிப்போகும்ங்குறாங்க.”

தர மதிப்பீட்டுக் குழு வந்தது ஐப்பசியில். எங்கோ வடக்கிலிருந்து வந்தவர்கள். ஓடைக்கரையிலேயே பந்தல், நாற்காலி, குத்துவிளக்கு. இந்தக் குழு நல்ல தரம் கொடுத்தால்தான் பட்டம் செல்லும். முனீஸ்வரியின் பட்டமும் அன்றைக்குத்தான் முடிவாகும்; குழுவின் முன்னால் அவள் வாய்மொழித் தேர்வு. தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கோத்து நின்றாள். அவளுடைய ஊர் அக்கரையில் மேட்டில் திரண்டு, ஹாரனுக்காகக் காத்திருந்தது. முன்வரிசையில் பச்சைச் சேலையில் அம்மா.

தங்கப்பாண்டி மைக்கைப் பிடித்தார். “ஐயா, சில பேரு இங்க பாலம் வேணும்ங்கிறாங்க. பாலம் போட்டா எல்லாரும் நேரா வீட்டுக்குப் போயிருவாங்க. பெறகு நாம எதைப் படிக்கிறது? மேம்பாடு படிக்கணும்னா மேம்படாத ஊர் ஒண்ணு கைவசம் இருக்கணும். நரிக்கரட்டை இப்படியே காப்பாத்தித் தர்றது என் பொறுப்பு.”

குழுத் தலைவர் ஒப்புதலாகத் தலையசைத்தார். விளக்கேற்ற எழுந்தார். அப்போது ஹாரன் கேட்டது.

“ஐயோ, விளக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டானே” என்று கிருபாராணி பல்லைக் கடித்தார். குழுவினர் கைதட்டினார்கள். அக்கரையில் குலவை எழுந்தது. வரிசை இறங்கத் தொடங்கியது.

ஹாரன் நிற்கவில்லை. மூச்சு வாங்குகிற இடம் வந்தது, நிற்கவில்லை. கைதட்டல் ஓய்ந்தது, நிற்கவில்லை.

“மேடம், இது நெசம்” என்றாள் முனீஸ்வரி.

கிருபாராணி திரும்பிப் பார்க்காமலே, அந்த ஊசிக் குரலில் சொன்னார். “முனீஸ்வரி, கை.”

அவளை அறியாமல் கை பிரிந்திருந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். மறுபடி கோக்கவும் செய்தாள். அத்தனை மாதத்துப் பழக்கம். அதற்குள் வேலுத்தாய் முதல் பாறையில் கால் வைத்துவிட்டாள்.

முனீஸ்வரி ஓடினாள். பாறைக்குப் பாறை தாண்டினாள். “ஏறுங்க! மேல ஏறுங்க!” குலவையில் அவள் குரல் கேட்கவில்லை. கேட்டவர்களும், நிகழ்ச்சியில் புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக இறங்கினார்கள். வேலுத்தாய் சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொன்னாள்: “கிறுக்கு பிடிச்சிருச்சா? பெரிய மனுசங்க பாக்குறாங்க. போடி அங்கிட்டு.”

மேலே சாமான் இழுபடுகிற சத்தம்.

முனீஸ்வரி குனிந்தாள். கல்லை எடுத்தாள். அம்மாவைப் பார்த்து எறிந்தாள். தாம்பாளம் கணீரென்று விழுந்தது. அடுத்த கல் வேலுத்தாயின் நெற்றியில் பட்டது. அடுத்தது பொன்னுமணியின் தோளில். பிறகு யார், எங்கே என்று பார்க்கவில்லை. கை ஓயும்வரை எறிந்தாள். ஊர் அலறிக்கொண்டு, அவளுடைய பிறப்பையும் படிப்பையும் சேர்த்து ஏசிக்கொண்டு, கரட்டில் ஏறியது. கடைசி ஆளாக அவளும் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஓடை இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு மலை படுத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பந்தல், குத்துவிளக்கு, மைக் எல்லாம் அதில் போயின. குழுவினர் வேன் கூரையில் ஏறி உயிர் தப்பினார்கள். தலைவர் ஒற்றைச் செருப்போடு நின்றார்.

விசாரணை குடோனில் நடந்தது. தராசின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்து மேசைக்கு விரித்திருந்தார்கள்.

“சமுதாயத்தின் மீது கல்லெறிஞ்சிருக்கீங்க” என்றார் கிருபாராணி வருத்தமாக. “ஒரு மூத்த சமுதாய உறுப்பினருக்கு நெத்தியில தையல்.”

“அது எங்கம்மா மேடம்.”

“அதைத்தான் நாங்களும் சொல்றோம். உறுப்பினர்.”

“எறியலேன்னா எல்லாரும் போயிருப்பாங்க.”

தங்கப்பாண்டி பொறுமையாக விளக்கினார். “தண்ணியில போயிருந்தா அது இயற்கைம்மா. இயற்கைக்கு யாரும் நிறுவனத்தைக் கேட்க மாட்டாங்க. கல்லு நம்ம மாணவி கையில இருந்து போயிருக்கு. அதுக்கு நம்மளைத்தானே கேப்பாங்க?”

முனீஸ்வரிக்குப் பட்டம் இல்லை என்று முடிவாயிற்று. கையைப் பிரித்த குற்றம். நிறுவனத்தின் படிப்புக்கு மட்டும் உயர்ந்த தரம் கிடைத்தது. ‘இத்தனை தத்ரூபமான களநிகழ்ச்சியை நாட்டில் வேறெங்கும் கண்டதில்லை, மழைக்காலங்களில் இதைத் தவறாமல் நடத்த வேண்டும்’ என்று குழுத் தலைவர் பரிந்துரைத்திருந்தார். வெளியே வரும்போது கிருபாராணி முனீஸ்வரியின் தோளைத் தட்டினார்.

“மனசைத் தளரவிடாதீங்க. மாணவியா இல்லாட்டியும் நீங்க எங்களோடதான் இருப்பீங்க. அடுத்த வருசப் பிள்ளைங்க உங்களைத்தான் படிக்கப் போறாங்க.”

இப்போது முனீஸ்வரி அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிறாள். வேலுத்தாய் அவளோடு பேசி நாளாயிற்று. பச்சைச் சேலையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நரிக்கரட்டில் இப்போது நீள ஹாரன் கேட்டால் யாரும் இறங்குவதில்லை, ஏறுவதும் இல்லை. நின்ற இடத்தில் நின்று முனீஸ்வரியின் கையைப் பார்க்கிறார்கள். அவள் கல்லுக்குக் குனிந்தால் ஏறுகிறார்கள். அவளுக்கும் ஒன்றும் நிச்சயமாகத் தெரிவதில்லை. ஹாரன் மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்கிறாள்.

இன்று விடியும்போது தூறல். தூக்குவாளியோடு பெண்கள் இறங்கி வந்தபோது கீழே, ஓடைக்கு நடுவில் இருந்த பாறைகளின் மேல், புது மாணவர்கள் கையைப் பின்னால் கோத்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கையில் மட்டும் பேனா.

“நீங்கதானேக்கா கல்லெறிஞ்சு எச்சரிக்கிற மரபைச் சேர்ந்தவங்க?” என்றாள் அவள். “இது எத்தனை தலைமுறையா நடக்குது?”

முனீஸ்வரி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“ஆபத்து இல்லாதப்பவும் ஒரு தடவை எறிஞ்சு காட்ட முடியுமாக்கா? சும்மாதானே இருக்கீங்க?”

திருப்பத்தில் ஹாரன் எழுந்தது. நீள ஹாரன். ஊர் நின்றது. வேலுத்தாய், எத்தனையோ நாளைக்குப் பிறகு, மகளின் முகத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்குகிற இடம் வந்தது. ஹாரன் நிற்கவில்லை.

முனீஸ்வரி குனிந்தாள். ஊர் திரும்பிக் கரட்டில் ஏறியது. அவள் ஏறவில்லை. ஓடைப் பக்கம் திரும்பி, பாறைகளில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து, “ஓடுங்கடா!” என்று கத்திக்கொண்டே எறிந்தாள். முதல் கல் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது ஒருவன் முழங்காலில் பட்டது. அவன் வலியில் நெளிந்தான், கையைப் பிரிக்கவில்லை. ஒருவரும் நகரவில்லை. மேலே கல் உருளத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெண் மட்டும், காகிதம் நனையாமல் இருக்கச் சற்றுக் குனிந்து, எழுதிக்கொண்டிருந்தாள்.